இட்லித் தட்டு ஆம்ப்ளிஃபயர்

வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்கிற ஆளைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளையெல்லாம் வேண்டாம். நேராக அந்த வீட்டுச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சரிபார்த்தால் போதும். நிச்சயம் ஏதாவது ஒன்று குறையும்.

எங்கள் வீட்டில் குறைந்தது ஓர் இட்லித் தட்டு.

எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வேலைக்காகக் காத்திருந்த காலம் அது. (காத்திருந்தது நான் மட்டும்தான். வேலைக்கு அப்படி ஓர் அவசரமும் இல்லை.) அப்பா தக்காளி விவசாயி. "பாப்பா இஞ்சினியரு" என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி யார் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் கையால் தொடாமல், தூரத்திலிருந்தே பார்த்து, "காயில் போயிருக்கும்" என்பேன். கல்லூரியில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை நான் பிடித்ததே கிடையாது. ஆய்வகத்தில் எங்கள் குழுவில் மற்றவர்கள் சால்டர் வைப்பார்கள், நான் ரீடிங் எழுதுவேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் வந்த வினை.

இந்தக் குட்டு வெளிப்படுவதற்குள் ஏதாவது செய்து காட்டியாக வேண்டும் என்றுதான் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் இறங்கினேன். தருமபுரியில் ஒரு கடைக்குப் போய்ப் பாகங்கள் கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர். "இதுக்குன்னு ரெடிமேடா போர்டு இருக்குதும்மா. வாங்கிட்டுப் போயி வயரு சொருவுனா வேலை முடிஞ்சுது" என்றார்.

"இல்லைங்க, நான் டிசைன் பண்றன்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிடிவாதம் பிடிக்கிற குழந்தைக்கு மிட்டாய் எடுத்துக் கொடுக்கிற முகத்தோடு, இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்களையும் கொஞ்சம் உதிரிகளையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

முதல் முறை இணைப்புக் கொடுத்தபோது ஸ்பீக்கரிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஓர் உறுமல் வந்தது. கொல்லைப்புறத்திலிருந்து அம்மா, "யாரு இந்நேரத்துல கெணத்து மோட்டாரு போட்டது?" என்று சத்தம் போட்டாள். கிரவுண்டு வயரை எங்கெங்கோ மாற்றி மாற்றி வைத்து, ஒரு வழியாக உறுமலை அடக்கினேன். போனில் ஒரு நாதஸ்வரத்தைப் போட்டேன். வந்தது! நிஜமாகவே நாதஸ்வரம்தான் வந்தது. நான் குதித்த குதியில் மேசையில் இருந்த சால்டர் ஸ்டாண்டு கீழே விழுந்தது.

ஒரே ஒரு பிரச்சினைதான். டிரான்சிஸ்டர் இரண்டும் கொதித்தன. அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விட ஹீட் சிங்க் என்று ஒரு பெரிய அலுமினியத் துண்டு வேண்டும். கடையிலிருந்து வாங்கி வந்தது தீப்பெட்டி அளவுதான் இருந்தது. அப்போதுதான் என் கண் சமையலறைப் பக்கம் போனது. சுத்தமான அலுமினியம். அகலமானது. குழி குழியாக இருப்பதால் காற்றுப் படும் பரப்பும் அதிகம். போதாக்குறைக்குக் குழிகளில் ஏற்கெனவே ஓட்டைகள் வேறு! என்னை நினைத்தே அதை வார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தட்டின் நடுவே சமமாக இருந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டை போட்டு, டிரான்சிஸ்டர்களை அடிப்பக்கம் முடுக்கி, தட்டை ஒரு மரப்பெட்டியின் மேல் மூடி மாதிரி வைத்தேன். அதற்கு நேர் கீழே சர்க்யூட் போர்டு. பார்ப்பதற்கு யாரோ இட்லி ஊற்றத் தயாராக வைத்த மாதிரியே இருக்கும்.

"பானையில ஒரு தட்டு காணோம்" என்றாள் அம்மா மறுநாள் காலையில்.

"ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கன்மா."

"ஆராய்ச்சிக்குப் பசிச்சா அதே இட்லி சுட்டுக்குமா?"

இங்கே ஒரு சின்ன விளக்கம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. டிரான்சிஸ்டர் சூடானால் அதிக மின்சாரம் இழுக்கும். அதிகம் இழுத்தால் இன்னும் சூடாகும். இன்னும் சூடானால் இன்னும் இழுக்கும். வாய்ச்சண்டை வளர்கிற அதே கணக்கு. அதனால் ஒரு குட்டி டயோடைப் பக்கத்திலேயே, தட்டைத் தொட்டபடி ஒட்டி வைக்க வேண்டும். சூடு ஏறுவதை அது உணர்ந்து, "போதும், நிறுத்துங்க" என்று சண்டையை விலக்கும். நான் அந்த டயோடை அழகு கருதி போர்டின் மறுமூலையில் வைத்தேன். சண்டையை விலக்கிவிட வேண்டிய ஆளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பி வைத்தாயிற்று. இது போதாதென்று, ஃப்யூஸ் அடிக்கடி போய்த் தொல்லை கொடுத்ததால் அதற்குப் பதிலாக நல்ல தடித்த கம்பியாக ஒன்று சுற்றி வைத்தேன். ஸ்விட்ச் வைக்கிற வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டேன்.

அந்த அடுத்த வாரத்தில்தான் தக்காளி விலை விழுந்தது.

பாலக்கோட்டு மார்க்கெட்டில் விலை விழுவது புதிதில்லை. ஆனால் அந்த முறை, பறிக்கிற கூலிக்கும் கட்டவில்லை என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் செடியிலேயே விட்டுவிட்டார்கள். எங்களுடையது பறித்தாயிற்று. பெட்டி பெட்டியாகக் களத்தில் இருந்தது. எல்லாம் பழுத்த பழம். அன்றைக்கு விற்றால் விற்றது, மறுநாள் மாட்டுக்குத்தான். அப்பா ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, மேலே இருந்த பழத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவே சகிக்கவில்லை.

மாது மாமாதான் வழி சொன்னார். அம்மாவின் தம்பி. ஒரு குட்டி யானைச் சரக்கு வண்டி வைத்து ஓட்டுகிறவர். அப்பாவிடம், "மாமா, வண்டியில ஏத்துங்க. தருமபுரியில தெருத்தெருவா வித்துட்டு வந்துரலாம்" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். "தெருவுல நின்னு கூவறதா? நம்மளால ஆவாதுப்பா."

அப்பாவால் ஆகாது என்பது உண்மை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்கள் மாடு பக்கத்து வயலில் வாய் வைத்தால்கூட, கிட்டத்தில் நடந்து போய் அதன் காதோரம் மெதுவாகத்தான் சொல்லுவார். அவர் வெளியாட்கள் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது முந்தைய வருஷம் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோதுதான். தருமபுரியில் சம்பந்தி வீட்டுத் தெருவில் இரண்டு மூன்று பேர் எங்களுக்கும் தெரிந்தவர்கள். அவர்களுக்கு மட்டும் வைத்தால் மற்றவர்கள் மனசு வருத்தப்படும் என்று, தாம்பூலத் தட்டும் கையுமாக அந்தத் தெரு முழுக்க ஒரு வீடு விடாமல் வைத்துவிட்டு வந்தார்.

"நீங்க கூவ வேணாம்ப்பா, என் ஆம்ப்ளிஃபயர் கூவும்" என்றேன். வாழ்க்கையில் நான் இத்தனை பெருமையோடு எதையும் சொன்னதில்லை.

அப்பா யோசித்தார். கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். நம் வீட்டு ஆள் யாரும் வாய் திறந்து கூவக் கூடாது. எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போகலாம், சம்பந்தி வீட்டுத் தெருவுக்கு மட்டும் போகக் கூடாது. "பொண்ணு குடுத்த எடத்துல போயி தக்காளி வித்துக்கிட்டு நின்னா நல்லாருக்குமா?"

மாமா வண்டியின் பாட்டரியோடு எங்கள் டிராக்டர் பாட்டரியையும் சேர்த்து, பெட்டிகளுக்கு நடுவே ஆம்ப்ளிஃபயரை வைத்துக் கட்டினேன். வண்டித் தலையில் ஒரு குழாய் ஸ்பீக்கர். போனில் என் குரலையே பதிவு செய்து வைத்திருந்தேன். "அன்பார்ந்த தருமபுரி வாழ் பெருமக்களே! பசுமை கொஞ்சும் பாலக்கோட்டு மண்ணிலே, உழவர் பெருமகன் ஒருவரின் வியர்வையிலே விளைந்து, இடைத்தரகர் எவருமின்றி, இன்று உங்கள் இல்லம் தேடி வந்திருப்பது..." என்று போய், ஒரு வழியாகத் "தக்காளி!" என்று முடியும். (பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசு இப்படித்தான் பழி வாங்கும்.)

முதல் இரண்டு தெருவில் கணீரென்று பாடியது. ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், உள்ளே போனார்கள். ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி, "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார்.

மாமா கேபினிலிருந்து இறங்கி வந்தார். "ஏம் பாப்பா, தக்காளிங்கற வார்த்தை வர்றதுக்குள்ள வண்டி தெருவையே தாண்டிருது. பின்னால நடந்து வந்து கேட்டாத்தான் உண்டு போல."

"மெதுவா ஓட்டுங்க மாமா" என்றேன். இலக்கியத்தில் கை வைக்க எனக்கு மனமில்லை.

மாமா மெதுவாக ஓட்டினார். மெதுவாக ஓட்டுகிற மும்முரத்தில், எந்தத் தெரு என்று பார்க்காமலே அடுத்த முனையில் வலது பக்கம் திரும்பினார். பின்னால் என்னோடு உட்கார்ந்திருந்த அப்பா பதறி எழுந்து, "மாது, வேணாம்ப்பா, அது சம்பந்தி வூட்டுத் தெரு" என்றார். அவருடைய வழக்கமான குரலில்தான் சொன்னார். மாட்டின் காதில் சொல்கிற அதே குரல். தலைக்கு மேலே என் குரல் பசுமை கொஞ்சிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு எப்படிக் கேட்கும்?

வண்டி தெருவின் நடுவில் போய் நின்றது. டீசல் வீணாகக் கூடாது என்று மாமா இன்ஜினையும் அணைத்தார். அப்பா பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார்.

அப்போதுதான் என் குரலுக்கு என்னவோ ஆனது. முதலில் லேசாகக் கரகரத்தது. பிறகு தடித்தது. "உழவர் பெருமகன்" என்ற இடம் வந்தபோது, தொண்டையில் மீன்முள் சிக்கிய ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. தட்டைத் தொட்டேன். விரல் சுட்டது. உச்சி வெயிலும் சேர்ந்துகொள்ள, அந்த வாய்ச்சண்டை நன்றாகவே முற்றியிருந்தது. சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், சூடு குறையவில்லை. அணைக்கலாம் என்றால் ஸ்விட்ச் இன்னும் அடுத்த வாரத்திலேயே இருந்தது; வயர்களையோ பாட்டரியோடு முறுக்கிக் கட்டியிருந்தேன்.

மாமா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். "தண்ணி ஊத்தக் கூடாது!" என்று கத்தினேன்.

"தண்ணி ஆவாதுன்னா, தக்காளி வெச்சுப் பாக்கலாமா? அதும் குளிர்ச்சிதான?"

படித்த படிப்பு அத்தனையும் மறந்து போகிற நேரம் ஒன்று எல்லோருக்கும் வரும். தக்காளிக்குள் இருக்கிற தண்ணீர் தோலுக்குள் அடங்கி இருப்பதால் அது தண்ணீர் ஆகாது என்று எனக்கு அந்தக் கணத்தில் சத்தியமாகத் தோன்றியது. நானே என் கையால் குழிக்கு ஒன்றாக எடுத்து வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தன.

கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. நல்ல மணம்தான். தாளிக்காத தக்காளித் தொக்கு மணம். தோல் வெடித்து, குழிகளில் குமிழ் விட்டுப் பழம் வதங்கியது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. "யாரு வூட்ல தொக்கு வதக்கறாங்க?" என்று ஓர் அம்மா மூக்கை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார். நான் மெச்சிக்கொண்ட அந்த ஓட்டைகள் வழியாகச் சாறு சொட்டு சொட்டாகக் கீழே போர்டில் இறங்கியது.

"இன்று உங்கள் இல்லம் தேடி வந்திருப்பது..." என்றது என் குரல். அடுத்து, "டப்!"

ஒரு கெப்பாசிட்டர் வெடித்துப் பெட்டிக்குள்ளிருந்து புகை கிளம்பியது. மாமா பாய்ந்து பிளையரால் வயர்களை வெட்டினார். பிறகு கேபினுக்கு ஓடிச் சாவியைத் திருகினார். "டிக்" என்றது. இன்னொரு முறை திருகினார். அதே "டிக்". ஏற்கெனவே வயதான பாட்டரி, மிச்சமிருந்த உயிரையும் என் தொக்குக்குக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டது.

தெருவே எங்களைப் பார்த்தது. எதிர் வீட்டிலிருந்து சம்பந்தியம்மா இறங்கி வந்தார். (அக்காவும் அத்தானும் பெங்களூரில் இருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் சாமி என்னைக் காப்பாற்றியது.) புகைக்கு நடுவே துண்டு போட்டு மூடியிருந்த உருவத்தை உற்றுப் பார்த்தார்.

"அட, நம்ம சம்பந்திங்களா! என்னாங்க, இந்த வெயில்ல வண்டி மேல உக்காந்திருக்கீங்க?"

அப்பா மெதுவாகத் துண்டை எடுத்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் கேட்டது இரண்டே நிபந்தனை. என் சத்தத்தில் தெரு நிபந்தனை போனது, குழாய் ஊமையானதில் கூவாத நிபந்தனையும் போகப் போகிறது; இரண்டையும் நான்தான் கெடுத்தேன்.  தக்காளிப் பெட்டிகள் அப்படியே இருந்தன. வண்டி நகராது. கூவ ஆளில்லை.

அப்பா பெட்டிகளைப் பார்த்தார். திறந்த கதவுகளைப் பார்த்தார். பிறகு துண்டை உதறி, முறையாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மரப்பெட்டியிலிருந்து தட்டைப் பெயர்த்து எடுத்து, வெந்ததை ஓரமாகக் கொட்டி, மாமாவின் பாட்டில் தண்ணீரால் கழுவினார். குழிக்கு ஒன்றாக நல்ல பழமாகப் பொறுக்கி வைத்தார். அடியில் இரண்டு டிரான்சிஸ்டரும் வெட்டுப்பட்ட வயர்களும் தொங்க, அந்த இட்லித் தட்டைத் தாம்பூலத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, முதல் வீட்டு வாசலுக்குப் போனார்.

"நல்லாருக்கீங்களாங்க? பெரிய பாப்பா கல்யாணத்துக்கு வந்து நல்லபடியா நடத்திக் குடுத்தீங்க. இது நம்ம தோட்டத்துத் தக்காளிங்க. இதையும் நீங்கதான் வந்து நடத்திக் குடுக்கணும்."

அந்த வீட்டுக்காரர் தட்டையும் அதன் அடியில் தொங்கிய வயரையும் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்பங்க?"

"இப்பவேங்க. மண்டபம் அந்தா நிக்குது பாருங்க, அந்த வண்டிதாங்க. வூட்டோட வந்துரணும். வரலைன்னா எனக்கு மனசு கஷ்டமாப் போயிரும்."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. அவருக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான், அதையே ஒரு வாசல் விடாமல் பேசினார். போன வருஷம் பத்திரிகை வைத்த அதே மனிதர், அதே துண்டு, அதே பணிவு. யாருக்கு மறுக்க மனசு வரும்? பையும் கூடையுமாகத் தெருவே வண்டியைச் சுற்றி நின்றது. சம்பந்தியம்மா முன்னால் நின்று, "வரிசையா வாங்க, எல்லாருக்கும் உண்டு" என்று பந்தி விசாரிக்கிற மாதிரி விசாரித்தார். ஒருவர் வதங்கிக் கிடந்த தொக்கைக் காட்டி, "அது விக்கறதுக்கு இல்லீங்களா?" என்றுகூடக் கேட்டார்.

கடைசிப் பெட்டியும் காலியானது. வாங்கியவர்களே சேர்ந்து வண்டியைத் தள்ளிக் கிளப்பியும் விட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா காலிப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார். பாலக்கோடு தாண்டிய பிறகு, "ரெண்டு வூடு பூட்டியிருந்துது. விட்டுப் போச்சு" என்று வருத்தப்பட்டார்.

அம்மா தட்டைத் திருப்பிப் பார்த்தாள். "பரவாயில்லையே, தட்டுக்குத் தோடு போட்டுக் கூட்டிக்கிட்டு வந்திருக்கற" என்றாள். தோட்டைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்த பிறகு, தட்டு பானைக்கே திரும்பிப் போனது. நடுவில் அந்த ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் இன்றும் இருக்கின்றன. அம்மா தொக்கு வதக்குகிற நாளெல்லாம் மாமா வாசலிலிருந்தே கேட்பார்: "அக்கா, அடுப்புலயா, ஆம்ப்ளிஃபயர்லயா?"

எனக்கு ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எந்தப் பாகம் எவ்வளவு சூடாகிறது என்று சோதிக்கிற பிரிவு. (நான் கேட்டு வாங்கியதல்ல, அவர்களாகவே போட்டார்கள்.) பிறகு நான் செய்த ஆம்ப்ளிஃபயரில் டயோடு தட்டைத் தொட்டபடி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஸ்விட்சும் இருந்தது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குது பாப்பா. இதுக்கு எந்தப் பாத்திரம்?" என்றார். அதற்குப் பிறகு விலை விழுகிற நாட்களில் அவரே மாமாவோடு தருமபுரிக்குப் போய்விடுவார். குழாய் கிடையாது. துண்டும் தட்டும்தான்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுத் தெருவுக்குப் பத்திரிகை வைக்க அப்பாவோடு நானும் போயிருந்தேன். இந்த முறை நிஜத் தாம்பூலத் தட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. அப்பா தோளில் துண்டோடு தெருமுனையில் தலை காட்டியதும் கதவுகள் மளமளவென்று திறந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. என் கல்யாணத்துக்கு இவ்வளவு ஆர்வமா என்று நினைத்தேன்.

எல்லோர் கையிலும் ஒயர் கூடை.

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, அந்தத் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "தக்காளி அடுத்த வாரம்ங்க. இன்னிக்குப் பொண்ணு கல்யாணம் மட்டுந்தான்."